தொலைபேசிக்கு ஒரு பெயர்

தெல்தோட்டையிலிருந்து முதல் பஸ் புறப்படும்போது மலையைவிட்டுப் பனி விலகியிருக்காது. அந்த பஸ்ஸில் ஏறி, கலஹா வளைவுகளெல்லாம் சுற்றி, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு நடந்து, அங்கே இன்னொரு பஸ்ஸின் கம்பியில் தொங்கிக்கொண்டு குண்டசாலையில் இறங்குகிறபோதே யோகமலருக்கு ஒரு நாள் வேலை முடிந்த மாதிரி இருக்கும். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

அவள் போன இடம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. கம்பெனி என்றதும் கண்ணாடி மாளிகையை நினைத்துவிட வேண்டாம். வாடகை வீட்டு மேல்மாடி. கீழே வீட்டுக்காரர் குடும்பம். மத்தியானம் அவர்கள் கருவாடு பொரித்தால் மேலே அத்தனை கம்ப்யூட்டருக்கும் வாசம் பிடிக்கும். கடைகளுக்கு பில் போடுகிற புரோகிராம் செய்து விற்பது அவர்களுடைய தொழில். ஹார்ட்வேர், பார்மசி, புடவைக்கடை என்று நாட்டின் பாதி ஊர்களில் அவர்களுக்கு வாடிக்கைக்காரர்கள். எந்தக் கடையில் மெஷின் மக்கர் பண்ணினாலும் அடுத்த நிமிஷம் இங்கே ஃபோன் அலறும். அந்த ஃபோன் மேசையில்தான் யோகமலரை உட்கார்த்தினார்கள்.

அது இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. வன்னியில் சண்டை. தெற்கே எந்த பஸ்ஸில் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வேலை கேட்டு விண்ணப்பம் போட்டால் படிப்பைப் பார்ப்பதற்கு முன்னால் விலாசத்தைப் பார்த்தார்கள். டிப்ளோமாவின் கடைசி அரை வருஷத்தை ஏதாவதொரு கம்பெனியில் பயிற்சியாகக் கழித்தே ஆகவேண்டும் என்பது சட்டம். கழிக்காவிட்டால் படித்தது அத்தனையும் தண்ணீரில் போட்ட உப்பு. கேட்ட இடமெல்லாம் பதிலே போடாமல் விட்டது. இந்த மேல்மாடி ஒன்றுதான் "வா" என்றது.

அதிலும் முதலாளி அசங்க, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டு, முதல் நாளே ஓர் ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தான். "நங்கி, இந்த ஃபோன் மேசைக்கு நிரந்தரமா ஓர் ஆள் எடுக்கப்போறேன். நல்லாச் செய்தா, ட்ரெய்னிங் முடிய அது உனக்குத்தான்."

அந்தக் கதிரை கிடைத்தால் குண்டசாலையிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கலாம். நாலு பஸ் மிச்சம். காலையில் விடிந்த பிறகு எழும்பலாம். அவள் கண்ட கனவு அவ்வளவுதான். தினமும் அந்த மலையைச் சுற்றி இறங்கி ஏறினவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கனவு என்பது விளங்கும். பரம்பரைச் சொத்தில் குந்தியிருந்தவர்களுக்கு விளங்காது.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டரா என்று அந்தக் காலத்தில் வாய்விட்டுக் கேட்டவர்கள் இன்றைக்கும் தெல்தோட்டைக் கடைவீதியில் நடமாடுகிறார்கள். அவளுடைய அப்பா சின்னமுத்து அதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொளுத்தப்பட்ட ஒரு கடையின் பின்வழியால் உடுத்த துணியோடு ஓடி, லொறியில் கிளீனராய்த் தொற்றி, டிரைவராகி, கடைசியில் மரக்கறி ஏற்றுகிற லொறி ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆனவர். யாரிடமும் கைநீட்டாமல் மேலே வந்தவர் கொஞ்சம் பெருமை பேசினால் கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. "நம்ம புள்ள கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கா" என்று அவர் சந்தையில் சொன்னதைக் கேட்டால், மகள் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டாள் என்று தோன்றும்.

சந்தைக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முதல் கிழமையே, குருநாகல் பக்கத்து ஹார்ட்வேர் கடைக்காரர் ஒருவர் எடுத்த ஃபோனுக்கு, "வணக்கம், யோகமலர் கதைக்கிறேன்" என்று சிங்களத்தில் பதில் சொன்னாள். தெல்தோட்டையில் பிறந்தவர்களுக்குச் சிங்களம் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவளுடைய பேச்சில் ஒரு பிசிறு இருக்காது. பெயர்தான் காட்டிக்கொடுத்தது.

"என்ன பேர் அது? தமிழா?"

"ஓம் சேர்."

"என் கடைக் கணக்கெல்லாம் இப்ப உங்க கையிலயா?" என்று கேட்டுவிட்டு அந்த ஆள் ஃபோனை வைத்தார். வைத்த கையோடு அசங்கவின் கைத்தொலைபேசிக்கு அடித்தார்.

அசங்க கெட்டவன் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் அவளுடைய மேசைக்கு வந்து, ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு, மிகவும் சாதாரணமாகச் சொன்னான். "நங்கி, கோபிக்காதே. ஃபோனுக்கு மட்டும் ஒரு பேர் வச்சுக்குவோம். நிரோஷா. நல்லாயிருக்குத்தானே? கடைக்காரங்களோட நமக்கு என்ன சண்டை?"

அவள் தலையாட்டினாள். கதிரை நினைவுக்கு வந்தால் தலை தானாக ஆடும்.

மத்தியானம் சோற்றுப் பொதியைப் பிரிக்கும்போது ருக்கியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கட்டுகஸ்தோட்டைக்காரி. அந்த ஃபோன் பிரிவுக்கு அவள்தான் பெரியவள்.

"என்ன தங்கச்சி, பேர் வச்சாச்சா? இனிப்புக்கு வட்டிலப்பம் ஒண்டும் தரல்லயே."

"உங்களுக்கும் வச்சாங்களா அக்கா?"

"நான் வந்த நாள்ல இருந்து ரேணுகா. நீ நிரோஷா, நான் ரேணுகா. ரெண்டு பேரும் சேர்ந்து டெலிடிராமா ஒண்டு நடிப்போமா?"

யோகமலருக்குச் சிரிப்பு வந்தது. ருக்கியா சிரிக்காமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ட பிள்ளைகள்ட வாப்பாக்கும் தெரியும். சண்ட பிடிச்சா, 'ஒன்னோட கதைக்க ஏலா, ரேணுகாவைக் கூப்பிடு, அவ நல்லவ' எண்டுவார். என்னத்தச் செய்ய, பழகிப் போயிட்டு."

அப்படித்தான் அவளும் பழகினாள். ஃபோனுக்கு மட்டும் என்று வைத்த பெயர் ஃபோனோடு நிற்கவில்லை. இரண்டு பெயரை நினைவு வைத்திருப்பது யாருக்கும் கரைச்சல்தானே. முதலில் அசங்க அவளை நிரோஷா என்று கூப்பிட்டான். பிறகு கீழ்வீட்டு அம்மா. பிறகு பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவருகிற ஆள். கடைக்காரர்களோ கேட்கவே வேண்டாம். "நிரோஷாவிடம் கொடுங்கள், அந்தப் பிள்ளைதான் பொறுமையாகச் சொல்லித்தரும்" என்று அனுராதபுரத்திலிருந்தும் மாத்தறையிலிருந்தும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். குருநாகல்காரர்கூட, "மகள், நீ வந்த பிறகுதான் இந்த மெஷின் எனக்கு விளங்குது" என்று ஒரு தரம் சொன்னார். அவள் "நன்றி சேர்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, அடுத்த கடைக்காரரின் ஃபோனை எடுத்தாள்.

பின்னேரம் வீடு திரும்பும்போது பஸ் ஜன்னலில் தலை சாய்ந்தால் எழும்பாது. காது இரண்டும் சூடாக இருக்கும். வீட்டில் அம்மா பாப்பம்மா "மலரு" என்று கூப்பிட்டால் இரண்டாவது தரத்தில்தான் திரும்புவாள். "என்னா புள்ள, காது அடைச்சுப் போச்சா? அந்த டெலிபோன்காரங்க உன் காதையும் சேத்தா வாங்கிட்டாங்க?" என்று அம்மா ஏசுவாள். பதில் சொல்லவும் அவளுக்குத் தெம்பு இருக்காது.

பயிற்சி முடிய இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கண்டிக்குக் கிட்டே பஸ் ஒன்றில் குண்டு வெடித்தது.

செய்தி வந்தபோது அவள் அலுவலகத்தைவிட்டுப் புறப்பட்டு பஸ்ஸில் இருந்தாள். தென்னக்கும்புர பாலத்தருகே பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கச் சொல்லி உத்தரவு. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்கள் வரிசையை ஒரு பெண் கொன்ஸ்டபிள் பார்த்தாள். அவளும் காலையிலிருந்து நின்றவளாக இருக்கவேண்டும். சப்பாத்தை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

யோகமலரின் அடையாள அட்டையில் தமிழ் எழுத்தும் இருந்தது. அது போதும், வரிசையைவிட்டு வெளியே நிற்பதற்கு.

"எங்கே போயிட்டு வாறே?"

"வேலைக்கு மிஸ். குண்டசாலையில, கம்ப்யூட்டர் கம்பெனி. ட்ரெய்னிங்."

"அங்கே ஃபோன் இருக்கா? நம்பர் சொல்லு."

அங்கேதான் அவள் பிழைவிட்டாள். அசங்கவின் நம்பரும் ருக்கியாவின் நம்பரும் அவளுடைய கைத்தொலைபேசிக்குள் இருந்தன. அது சார்ஜ் இறங்கிச் செத்துக் கிடந்தது. மனப்பாடமாய்த் தெரிந்தது ஒரே ஒரு நம்பர். நாள் முழுக்க கடைக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த நம்பர். அதையே ஒப்பித்தாள்.

அந்த நேரம் ஃபோன் மேசையில் இருந்தவள் சந்தமாலி. அந்தக் கிழமைதான் பயிற்சிக்கு வந்த மாத்தளைப் பிள்ளை. அவளுக்கு யோகமலரை அறிமுகப்படுத்தியபோது அசங்க சொன்னது, "இது நிரோஷா அக்கா."

கொன்ஸ்டபிள் அந்த நம்பருக்கு ஃபோன் அடித்தாள். "யோகமலர் என்று ஒரு தமிழ்ப் பிள்ளை உங்களிடம் வேலை செய்யுதா?" என்று கேட்டாள். மறுமுனையில் சொன்னது பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது.

"இல்லையே. தமிழ்ப் பிள்ளை யாரும் இங்கே இல்லை."

கொன்ஸ்டபிள் அவளைப் பார்த்த பார்வையில் களைப்பு போய்விட்டது.

நிதானமாக இருந்திருந்தால் யோகமலர் வேறு ஏதாவது சொல்லியிருப்பாள். பயம் வாயைத் திறந்துவிட்டது. "மிஸ், அங்கே எனக்கு நிரோஷா என்று பேர். நிரோஷா என்று கேளுங்க, சொல்லுவாங்க."

கொன்ஸ்டபிள் மறுபடியும் அதே நம்பருக்கு அடித்தாள். "நிரோஷா அக்காவா? இப்பதான் வீட்டுக்குப் போனா" என்றாள் சந்தமாலி, மிகவும் மரியாதையாக.

குண்டு வெடித்த நாளில், பாலத்தருகே, இரண்டு பெயரோடு நிற்கிற ஒரு தமிழ்ப் பெண். அதற்கு மேல் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஜீப்பில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஒரு நீண்ட மர வாங்கில் உட்காரவைத்தார்கள்.

வாங்கில் ஏற்கெனவே ஒரு பெரியவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பழப்பை. நவரட்ணராஜா என்று பெயர். யாழ்ப்பாணத்து மனிதர், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திகனையில் இருக்கிற மகளைப் பார்க்கப் போன வழியில் மறித்திருக்கிறார்கள்.

"பிள்ளை, அழாதையும்," என்றார் மெதுவாக. "அழுதா ஏதோ இருக்கெண்டு நினைப்பாங்கள். உம்மை என்னத்துக்குக் கொண்டந்தவை?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் பழப்பையை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரோ? கெட்டிக்காரிதான். எனக்கு ஒரு பேரே கூடிப்போச்சு எண்டுதான் இருத்தி வச்சிருக்கினம். அதை எழுதத் தொடங்கின பொலிஸ்காரன் இன்னும் முடிக்கேல்ல."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இந்தாரும் என்று அவர் ஒரு தோடம்பழத்தை நீட்டினார். அவள் அதை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சந்தமாலி பயந்துபோய் அசங்கவிடம் சொல்லியிருக்கிறாள், பொலிஸ் இரண்டு தரம் கேட்டது என்று. அவன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். புறப்படுமுன் தெல்தோட்டையில் அவளுடைய வீட்டுக்கும் ஃபோன் பண்ணியிருந்தான். இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன்னால் அவன் நின்ற நிலை, பள்ளிக்கூடத்தில் வாங்குமேல் ஏற்றிவிட்ட பையன் மாதிரி இருந்தது.

"சேர், அந்தப் பேரை நான்தான் வச்சேன். வாடிக்கைக்காரங்களுக்காக."

"ஏன், சொந்தப் பேருக்கு என்ன?"

அசங்க ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றினான். யோகமலர் வாங்கிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாளும் அவள் அவனிடம் கேட்காத கேள்வியை ஒரு பொலிஸ்காரர் கேட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "நல்ல வியாபாரம். எனக்கும் ஒரு பேர் வையுங்கோ, பொண்டாட்டி ஃபோன் எடுக்கிற நேரம் உதவும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த நேரத்தில இப்படி விளையாடாதீங்க. இந்தப் பிள்ளையை நாங்கள் மேலிடத்துக்கு விசாரணைக்கு அனுப்பியிருந்தா, உங்க நிரோஷாவைத் தேடி எங்கே போயிருப்பீங்க?" என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் சின்னமுத்துவின் குரல். லொறியில் ஏற்றியிருந்த லோடை இறக்காமலே வந்திருந்தார்.

"சார், நான் லொறி முதலாளி சின்னமுத்து! தெல்தோட்டையில போயி யாரக் கேட்டாலும் சொல்வாங்க!" என்றார் சிங்களத்தில், நெஞ்சை நிமிர்த்தி.

"லொறியா? எங்கே நிப்பாட்டியிருக்கு?" என்றார் இன்ஸ்பெக்டர். "சார்ஜன்ட், போய் அதையும் பாருங்க."

கோவாவும் லீக்ஸுமாய் ஏற்றிய மரக்கறிச் சாக்குகள் ஒவ்வொன்றிலும் கம்பியைக் குத்திப் பார்த்தார்கள். சின்னமுத்து பக்கத்தில் நின்று ஒவ்வொரு குத்துக்கும் முகம் சுளித்தார். எல்லாம் முடிந்து மகளை அனுப்பியபோது, நவரட்ணராஜா இன்னும் அதே வாங்கில்தான் இருந்தார். மருமகன் வந்துகொண்டிருக்கிறாராம். அவர் கையை உயர்த்திக் காட்டினார். அவள் தோடம்பழத்தோடு கும்பிட்டாள்.

லொறி கண்டியைத் தாண்டியது. கலஹா ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றிக்கொண்டே அவர் கேட்டார்.

"அங்க உனக்கு என்னமோ பேராமே?"

"நிரோஷா."

அவர் அந்தப் பெயரை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இதுக்கு ஏம்மா வெக்கப்படுற? இன்னும் ஆறு கிழம. அந்த வேலையும் கையில வந்திரும். நாமெல்லாம் எப்படி மேல வந்தோம்? எவன் என்னா பேரச் சொல்லிக் கூப்புட்டாலும் 'சொல்லுங்க முதலாளி'ன்னு போயி நின்னுதான் வந்தோம். ரோஷம் பாத்திருந்தா இந்த ஸ்டியரிங் எனக்குக் கெடச்சிருக்குமா?"

"ரோஷம் இல்லப்பா."

"பின்ன?"

"அசதியா இருக்கு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போக வர நாலு பஸ், பொழுதுக்கும் ஃபோனு. அதுக்கு மேல ரெண்டு பேரத் தூக்கிக்கிட்டு அலைய முடியலப்பா. ஒண்ணு கீழ வைக்கணும்."

"வேல போயிருமேம்மா."

"தெரியும்."

ஊரையே பேசி மடக்குகிற மனுஷன், தெல்தோட்டை வரைக்கும் ஹோர்ன்கூட அடிக்காமல் ஓட்டினார்.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல நாலு பஸ்ஸில் முதல் இரண்டைப் பிடித்து மேல்மாடிக்குப் போனாள். போனதும் அசங்கவின் மேசைக்குப் போய் நின்று, "சேர், ஃபோனில இனிமேல் என் பேரைத்தான் சொல்லுவேன்" என்றாள். குரல் உயரவில்லை. ஃபோனில் கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே குரல்.

அசங்க பேனையை மூடித் திறந்தான். வெள்ளிக்கிழமை பட்ட சூடு அவனுக்கும் ஆறியிருக்கவில்லை. "நங்கி, நான் உன்னைப் பிழை சொல்லல்ல. ஆனா கடைக்காரங்களை இழக்க ஏலாது. ஃபோன் வேணாம். மூலையில அந்த ஹார்ட்வேர் கடைச் சாமான் பேரெல்லாம் அடிச்சு ஏத்தணும். அதைச் செய். ட்ரெய்னிங் முடிச்சுத் தாறேன். அந்த வேலை..." அவன் பேனையை மேசையில் வைத்தான்.

"பரவாயில்ல சேர்."

மூலை மேசைக்கு அவள் பையை எடுத்துக்கொண்டு போகும்போது ருக்கியா கையைப் பிடித்தாள்.

"நீ செய்தது சரி மகள். என்னப் பார்க்காத. நீ ஆறு கிழமைல போயிருவாய். எனக்கு மூணு பிள்ளை இரிக்கி, நான் ரேணுகாவாத்தான் இரிக்கணும்."

"நான் ஒண்ணும் சொல்லலியே அக்கா."

"சொல்லல்லதான். அதுதான் கஷ்டமா இரிக்கி."

மூலையில் கம்ப்யூட்டர் பழசு. திரையின் ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. அரையங்குல ஆணி, முக்கால் அங்குல ஆணி, பித்தளைப் பிணைச்சல், குழாய் வளைவு என்று அவள் அடிக்கத் தொடங்கினாள். ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஒருத்தருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. தோள்பட்டை தானாகக் கீழே இறங்கியது. அலுப்பான வேலைதான். ஆனால் அது ஒரே ஓர் அலுப்பு.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் மேசையில் மணி அடித்தது. பழக்கத்தில் அவளுடைய கை எழும்பி, பாதியில் நின்றது. சந்தமாலி எடுத்தாள். எடுத்தவள் அசங்கவைப் பார்த்தாள். அவன் சைகை காட்டினான். அவள் சொன்னாள்.

"வணக்கம், நிரோஷா கதைக்கிறேன்."

யோகமலர் திரும்பிப் பார்த்தாள். ருக்கியாவும் திரும்பினாள். மறுமுனையில் எந்த ஊர்க் கடைக்காரரோ நிறைய நேரம் பேசினார். சந்தமாலி "ஓம் சேர், குரல் கொஞ்சம் அடைச்சிருக்கு சேர்" என்றாள். வைத்துவிட்டு நேரே மூலை மேசைக்கு வந்தாள். அழுதுவிடுவாள்போல இருந்தது.

"அக்கே, வெள்ளிக்கிழமைக்கு மன்னிச்சுக்கோங்க. எனக்கு உங்க பேர் தெரியாது."

"நீ என்ன செய்வே."

"இப்ப அந்தப் பேரை எனக்குக் குடுத்திட்டாங்க. கடைக்காரங்க எல்லாம் நிரோஷாவைத்தான் கேக்கிறாங்களாம், ஆள் மாறினா பிடிக்காதாம். நான் சிங்களம்தானே அக்கே, சந்தமாலி என்ற பேருக்கு என்ன?"

யோகமலர் அவளைப் பார்த்தாள். பக்கத்தில் கிடந்த கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டாள்.

"இரு," என்றாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. குருநாகல்காரர் எடுத்தா அவசரப்படுத்தாதே, அந்த ஆளுக்கு எதையும் ரெண்டு தரம் சொல்லணும்."

ஃபோன் மேசையில் மறுபடியும் மணி அடித்தது. அதை அடிக்கவிட்டு, யோகமலர் சந்தமாலிக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.